டிரிப் ஆகாத பழுதுகள்: டிபி பாக்ஸ் பற்றி வாசகர் கேள்வி – பதில்

வீட்டுக்கு வரும் கரண்டை ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் பிரித்துக் கொடுக்கிற டிபி பாக்ஸ் பராமரிப்பு பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ‘அடிக்கடி டிரிப் ஆகிறது, என்ன செய்யலாம்’ என்ற ரகம். கட்டிடங்களின் போர்டுகளைத் திறந்து பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவன் நான். டிரிப் ஆகிற, அதாவது பிரேக்கர் தானாக விழுந்து கரண்டை நிறுத்துகிற போர்டைக் கண்டு எனக்குப் பெரிய கவலை வருவதில்லை. எங்கோ ஒரு கோளாறு இருக்கிறது, அது பிடிபட்டுவிட்டது, தேடினால் கிடைத்துவிடும். உள்ளே கம்பி கருகிக்கொண்டிருக்கும், ஒரு பிரேக்கரும் அசையாது, வீட்டில் எல்லா விளக்கும் எரியும். அந்த போர்டுதான் என்னைப் பயப்பட வைக்கிறது. அப்படிப்பட்ட பழுதைத் தேடிப் போய்க் கண்டுபிடிப்பதற்குத்தான் பராமரிப்பு என்று ஒன்று வைத்திருக்கிறோம். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அதைச் சுற்றித்தான் வரும்.

கேள்வி: டிபி பாக்ஸ் இருக்கும் சுவர்ப்பக்கம் போனால் கொஞ்ச நாளாகவே மீன் வாடை மாதிரி அடிக்கிறது. பல்லி, எலி எதுவும் செத்துக் கிடக்கவில்லை. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு, எதுவும் டிரிப் ஆகவில்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். விட்டுவிடலாமா? – ஒரு வாசகி

பதில்: விடவே கூடாது, சகோதரி. உங்களுக்குத் தனியாகவும் உடனே பதில் அனுப்பிவிட்டோம். அதே வாடை வருகிற மற்ற வீடுகளுக்காக இங்கேயும் எழுதுகிறேன். முதல் வேலை மெயினை ஆஃப் செய்வது. மூடியைத் திறந்து பார்க்கும் வேலை உங்களுடையது இல்லை.

ஸ்விட்ச், சாக்கெட், பிரேக்கர் போன்றவற்றில் பயன்படும் யூரியா, மெலமைன் வகைப் பிளாஸ்டிக்குகள் அளவுக்கு மேல் சூடானால் அமீன் வகை வாயுக்களை வெளியே விடும். மீன் வாடைக்குக் காரணமும் அதே வகை ரசாயனம்தான். எனவே உங்கள் மூக்கு சரியாகத்தான் சொல்கிறது. உள்ளே ஏதோ ஒரு இணைப்பு வெந்துகொண்டிருக்கிறது.

டிரிப் ஆகவில்லையே என்று அவர் சொன்னதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு ஸ்க்ரூ லேசாகத் தளர்ந்து, அந்த இடத்தில் 0.1 ஓம் தடை உருவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதன் வழியே 16 ஆம்பியர் போகிறது. கரண்டை அதே கரண்டால் பெருக்கி, தடையாலும் பெருக்கினால் 25.6 வாட். சின்ன சோல்டரிங் அயர்ன் ஒன்றை மணிக்கணக்கில் ஆன் செய்து அந்தப் பெட்டிக்குள் வைத்த மாதிரி. ஆனால் அந்த இடத்தில் குறைகிற வோல்டேஜ் வெறும் 1.6 வோல்ட். 230-ல் 1.6 குறைந்தால் எந்த விளக்கும் மங்காது. கரண்டும் 16-ஐத் தாண்டவில்லை. அளவுக்கு மேல் கரண்ட் போனால் விழுகிற பிரேக்கரான எம்சிபி ஏன் விழப்போகிறது? எர்த்துக்குக் கசிவும் இல்லை, அந்தக் கசிவைக் கண்டு விழுகிற ஆர்சிசிபியும் விழாது. வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிகிற ஒரே அடையாளம் அந்த வாடைதான். சில சமயம் மெல்லிய சிடுசிடுப்புச் சத்தமும் சேர்ந்து கேட்கும்.

இது தானாக ஆறுகிற பழுதும் இல்லை. சூட்டில் செம்பின் மேல் ஆக்சைடு படியும், தடை கூடும், இன்னும் சூடாகும். லோடு ஏறும்போது கம்பி விரிந்து, லோடு இறங்கும்போது சுருங்கி, ஒவ்வொரு முறையும் ஸ்க்ரூவுக்கு அடியில் பிடி இன்னும் கொஞ்சம் விட்டுப்போகும்.

வருகிற எலக்ட்ரீஷியன் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஸ்க்ரூவை முறுக்கிவிட்டு ‘டைட் பண்ணிட்டேன்’ என்று கிளம்பினால் வேலை முடியவில்லை. கம்பியை வெளியே எடுத்தால் நுனி கறுத்திருக்கும், இன்சுலேஷன் விறைத்துப்போய் வளைத்தால் நொறுங்கும். கறுப்பு முழுவதும் போய் பளிச்சென்று செம்பு தெரிகிற இடம்வரை வெட்ட வேண்டும். மீதி நீளம் போதாவிட்டால் முறையான கனெக்டர் போட்டு நீட்ட வேண்டும், அல்லது கம்பியை மாற்ற வேண்டும். வெந்துபோன டெர்மினல் உள்ள பிரேக்கரைத் திரும்பவும் போடக் கூடாது. சூட்டில் பிடிமானத்தை இழந்த உலோகம் மறுபடி இறுகப் பிடிக்காது, சில மாதத்தில் அதே இடம் திரும்பவும் கருகும். பக்கத்து பிரேக்கரின் ஓரம் பழுப்பாகியிருந்தால் அதையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: ஏசி போட்டு ஒரு மணி நேரம் ஆனால் 16 ஆம்பியர் எம்சிபி விழுந்துவிடுகிறது. 32 போட்டுவிட்டால் தொல்லை விட்டது என்கிறார்கள். போடலாமா? – ஒரு வாசகர்

பதில்: அந்த யோசனையை ஏற்க வேண்டாம். எம்சிபி காப்பாற்றுவது சுவருக்குள் போகிற கம்பியை. ஏசிக்காக அது அங்கே இல்லை. உங்கள் ஏசிக்கு ஓடுவது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி என்றால், குழாய்க்குள் மற்ற கம்பிகளோடு நெருக்கிப் போகும்போது அது நிம்மதியாகத் தாங்குவது சுமார் 20 ஆம்பியர் அளவுதான். சாதாரண பிவிசி இன்சுலேஷனுக்கு 70 டிகிரி செல்சியஸ் எல்லை.

எம்சிபி மேல் எழுதியிருக்கும் எண்ணைத் தொட்டவுடன் அது விழுந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டு எம்சிபிக்கான சர்வதேச விதிப்படி, எழுதிய அளவைப்போல் 1.13 மடங்கில் ஒரு மணி நேரத்துக்கு விழக் கூடாது, 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். 32 ஆம்பியர் எம்சிபிக்கு 1.13 மடங்கு என்றால் 36 ஆம்பியர். அதாவது 20 தாங்குகிற கம்பியில் 36 ஓடிக்கொண்டிருக்கும், பிரேக்கர் சும்மா இருக்கும். கம்பியில் உண்டாகும் சூடு அனுமதித்த அளவைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். 32 போட்டால் தொல்லை விடவில்லை, அது சுவருக்குள் போய்விட்டது என்று அர்த்தம்.

ஒரு மணி நேரம் கழித்து விழுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது நல்ல தடயம். ஷார்ட் என்றால் அந்தக் கணமே விழும். ஸ்டார்ட்டிங் கரண்ட் என்றால் கம்ப்ரஸர் ஓடத் தொடங்கும்போது விழும். மெதுவாக விழுவது எம்சிபிக்குள் இருக்கும் இரட்டை உலோகப் பட்டையின் வேலை; அது சூட்டில் வளைந்து பிரேக்கரை விடுவிக்கிறது. எனவே கிளாம்ப் மீட்டர் போட்டு ஏசியின் கரண்டைப் பாருங்கள். 16-ஐத் தாண்டினால் ஏசியில் கோளாறு, அல்லது அதே சர்க்யூட்டில் வேறு எதையோ சேர்த்து ஓட்டுகிறீர்கள். கரண்ட் 8, 9 என்று சாதுவாக இருந்தும் விழுகிறது என்றால் எம்சிபியின் டெர்மினலைப் பாருங்கள். லூஸ் இணைப்பின் சூடு செம்பு வழியே உள்ளே போய்ப் பட்டையை வளைத்துவிடும். முதல் கேள்வியில் சொன்ன கருகல், இந்த வீட்டில் தற்செயலாக டிரிப் என்ற வடிவத்தில் தலைகாட்டுகிறது. இந்த நிலையில் 32 போட்டவர் அந்த ஒரே எச்சரிக்கையையும் பிடுங்கிவிடுகிறார். கோபத்தோடுதான் எழுதுகிறேன், இப்படி மாற்றிய போர்டுகளை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

கேள்வி: ஆர்சிசிபியில் ‘டி’ என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதை அமுக்கினால் கருவி கெட்டுவிடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். – ஒரு கல்லூரி மாணவி

பதில்: அமுக்காமல் விட்டால்தான் கெடும், அம்மா. உள்ளே ஸ்பிரிங், கொக்கி எல்லாம் நுணுக்கமான பாகங்கள். வருஷக்கணக்கில் அசையாமல் கிடந்தால் தூசியும் ஈரமும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். தயாரிப்பாளர்கள் மாதம் ஒருமுறை முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரை சொல்வார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்வது நான் சொல்லும் வழக்கம். கம்ப்யூட்டரை மூடிவிட்டு அமுக்குங்கள். கணத்தில் விழ வேண்டும்.

விழவில்லை என்றால் கரண்ட் வந்துகொண்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, வந்தும் விழவில்லை என்றால் அந்தக் கருவியை மாற்றச் சொல்லுங்கள். ஒரு விதிவிலக்கு உண்டு. நான்கு போல் (நான்கு கம்பிகளுக்கான இணைப்புகள் உள்ள) ஆர்சிசிபியை ஒற்றை ஃபேஸ் வீட்டில் மாட்டியிருந்தால், டெஸ்ட் பட்டன் எந்த போல்களுக்கு நடுவில் இருக்கிறதோ அவற்றில் கம்பி இல்லாமல் பட்டன் மட்டும் செத்திருக்கலாம். அதையும் சரியாக மாட்டித்தான் தர வேண்டும். பட்டன் வேலை செய்யாத கருவியை நீங்கள் எப்படிச் சோதிப்பீர்கள்?

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பட்டன் கருவிக்குள்ளேயே ஒரு ரெசிஸ்டர் வழியாகப் பொய்க் கசிவை உண்டாக்குகிறது. எர்த் கம்பிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எர்த்தே இல்லாத வீட்டிலும் பட்டன் அழகாக வேலை செய்யும். ‘டெஸ்ட் பட்டன் வேலை செய்கிறது, அதனால் எர்த் நன்றாக இருக்கிறது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எர்த்தைத் தனியாக மீட்டர் வைத்து அளக்க வேண்டும்.

கேள்வி: அண்ணா, நான் வயர்மேன் வேலை பழகுகிறேன். ஒரு வீட்டில் எல்லா எம்சிபியையும் ஆஃப் செய்த பிறகும் ஆர்சிசிபி நிற்கவில்லை, விழுந்துகொண்டே இருக்கிறது. கருவிதான் போய்விட்டது என்று புதிது மாட்டினோம். அதுவும் விழுகிறது. – ஒரு வாசகர்

பதில்: நல்ல கேள்வி, தம்பி. இதற்காகப் பாவம் எத்தனையோ நல்ல ஆர்சிசிபிக்கள் குப்பைக்குப் போகின்றன.

அந்த எம்சிபிக்கள் ஒற்றை போல்தானே? ஆஃப் செய்தால் ஃபேஸ் மட்டும்தான் அறுபடுகிறது. எல்லா சர்க்யூட்டின் நியூட்ரலும் நியூட்ரல் பார் என்ற உலோகப் பட்டையில் அப்படியே சேர்ந்திருக்கிறது. எங்கேயாவது ஒரு நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், எம்சிபியை ஆஃப் செய்வதால் அந்தத் தொடர்பு விடுபடாது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஓரிரு வோல்ட் இருப்பது சகஜம். அந்த வழியின் மொத்தத் தடை 30 ஓம் என்றால் 1 வோல்ட்டுக்கே 33 மில்லி ஆம்பியர் போய்விடும். 30 மில்லி ஆம்பியர் கருவி 15-க்கு மேல் எங்கே வேண்டுமானாலும் விழலாம், 30-க்குள் விழுந்தே ஆக வேண்டும். உங்கள் புதுக் கருவி ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது.

இந்தப் பழுது ஆளை ஏமாற்றுவதில் கெட்டி. நியூட்ரல் எர்த்தைத் தொட்டிருப்பது படுக்கையறை ஃபேன் சர்க்யூட்டில் இருக்கும். ஆனால் வாட்டர் ஹீட்டரைப் போட்டால்தான் ஆர்சிசிபி விழும். ஹீட்டரின் பெரிய கரண்ட் நியூட்ரல் பாருக்கு வந்ததும், அதில் ஒரு பங்கு பழுதான இடம் வழியே எர்த்துக்குப் பிரிந்து போகிறது. எல்லோரும் ஹீட்டரைக் குற்றம் சொல்லிக் கழற்றி எடுத்துப் போவார்கள்.

தேடும் முறை இது. மெயினை ஆஃப் செய்து, கரண்ட் இல்லை என்று மீட்டரில் உறுதி செய்துகொள். நியூட்ரல் பாரில் இருக்கும் ஒவ்வொரு கம்பிக்கும் முதலில் எண் போட்ட டேப் ஒட்டு. எண் போடாமல் கழற்றாதே. திருப்பி மாட்டும்போது ஒரு நியூட்ரல் வேறு ஆர்சிசிபியின் பாருக்குப் போய்விட்டால் அதுவே புதிய டிரிப்புக்குக் காரணமாகிவிடும். பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றி, கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவில் 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனின் தடையை அளக்கும் மீட்டர்) வை. வைப்பதற்கு முன் அந்த சர்க்யூட்டில் செருகியிருக்கும் எல்லாவற்றையும் பிடுங்கிவிடு. எல்இடி டிரைவர், சர்ஜ் (திடீர் வோல்டேஜ் ஏற்றம்) பாதுகாப்புக் கருவி இவற்றையும் விலக்கு. இல்லாவிட்டால் அவற்றையும் கெடுப்பாய், அளவும் தப்பாக வரும். 1 மெகா ஓம் என்பது விதி சொல்லும் குறைந்தபட்சம். நல்ல வயரிங்கில் அதைவிடப் பல மடங்கு காட்டும். பழுதான நியூட்ரல் மட்டும் தனியாகத் தெரிந்துவிடும்.

சாதாரண மல்டிமீட்டரில் ஓம் பார்த்துவிட்டு ‘சரியாக இருக்கிறது’ என்று முடிவு செய்யாதே. அது சில வோல்ட்டில் அளக்கிறது. ஈரம் ஏறிய இன்சுலேஷன் அந்த வோல்ட்டுக்கு நல்லபிள்ளையாக இருக்கும்.

கம்பி பிடிபட்ட பிறகு எங்கே பார்ப்பது? முதலில் சுவிட்ச் பெட்டிகள். பிளேட்டை இறுக்கும் நீள ஸ்க்ரூ பின்னால் மடங்கியிருக்கும் நியூட்ரலின் தோலைக் கிழித்து, உலோகப் பெட்டியோடு சேர்த்துவிடும். சமீபத்தில் சுவரில் ஆணி அடித்தார்களா என்று கேள். வெளிச்சுவர் விளக்குகளைத் திறந்து தண்ணீர் இருக்கிறதா என்று பார்.

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று ஃபேஸ். திடீரென்று ஒரு அறை விளக்கு கண் கூசுகிற மாதிரி எரிகிறது, இன்னொரு அறையில் மங்குகிறது. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுகிறது. – ஒரு வாசகர்

பதில்: அடுத்த முறை அப்படி நடந்தால் யோசிக்காமல் மெயினை ஆஃப் செய்யுங்கள். நியூட்ரல் எங்கோ விட்டு விட்டுத் தொடுகிறது. நியூட்ரல் அறுந்துவிட்டால் இரண்டு ஃபேஸில் இருக்கும் சாதனங்கள் 400 வோல்ட்டுக்கு நடுவில் தொடராக மாட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் 100 ஓம், மறுபக்கம் 20 ஓம் என்றால், லோடு குறைவான 100 ஓம் பக்கத்துக்கு 333 வோல்ட், மறுபக்கத்துக்கு 67. டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் ஒரே நேரத்தில் போகிற வீடுகளின் கதை பெரும்பாலும் இதுதான். எம்சிபி வோல்டேஜைப் பார்க்காது, அதனால் உதவாது.

நியூட்ரல் பார், மெயின் ஸ்விட்சின் நியூட்ரல் டெர்மினல், மீட்டர் இந்த வரிசையில் ஆளை வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே எல்லாம் சரி என்றால் மின்சாரம் வழங்கும் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். ஒற்றை ஃபேஸ் வீடுகளிலும், வெளியே பொது நியூட்ரல் விட்டுப்போனால் இதே நடக்கும். ‘சரியாகிவிடுகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள், சரியாகவில்லை, ஐயா.

கேள்வி: குடியிருப்போர் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். ஆண்டுதோறும் ஒப்பந்தக்காரர் வந்து பேனல்களைப் பார்த்துவிட்டு ‘அனைத்தும் நல்ல நிலையில் உள்ளன’ என்று ஒரு தாள் தருகிறார். இதற்கு மேல் என்ன கேட்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. – ஒரு வாசகர்

பதில்: எண்களைக் கேளுங்கள், ஐயா. ‘நல்ல நிலை’ என்பதை அடுத்த ஆண்டின் ‘நல்ல நிலை’யோடு ஒப்பிட முடியாது. மூடியைத் திறக்காமலும் அந்த வரியை எழுதிவிடலாம்.

மிக முக்கியமாக நான் கருதுவது, சூட்டை நிறமாகக் காட்டும் தெர்மல் கேமரா படம். படம் எடுக்கும் நேரத்தில் லோடு இருக்க வேண்டும். குறைந்தது 40 சதவீதமாவது ஓட வேண்டும் என்பது இந்தத் துறையில் ஏற்றுக்கொண்ட அளவு. ஆளில்லாத மதிய நேரத்தில் வந்து எடுத்த படத்தில் எல்லாம் நீலமாகத்தான் தெரியும். லிஃப்ட், பம்ப் எல்லாம் ஓடும் மாலை நேரத்துக்கு வரச் சொல்லுங்கள். படத்துக்குப் பக்கத்தில் அந்த நேரத்தில் மூன்று ஃபேஸிலும் எத்தனை ஆம்பியர் என்று எழுத வேண்டும். மூன்றிலும் லோடு ஏறத்தாழ ஒன்றாக இருந்து, ஒரு டெர்மினல் மட்டும் பக்கத்து டெர்மினல்களைவிட 15 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் அது உடனே சரிசெய்ய வேண்டிய பழுது. 4 முதல் 15 டிகிரி வித்தியாசம் என்றால் பழுது இருக்க வாய்ப்பு அதிகம், நேரம் குறித்துச் சரிசெய்யலாம். பஸ்பார் என்ற பளபளப்பான உலோகப் பட்டையைக் கேமரா குளிர்ச்சியாகவே காட்டும், ஏனெனில் மினுங்குகிற உலோகம் வெப்பக் கதிரைச் சரியாக வெளியிடாது. விவரம் தெரிந்தவர் கம்பியின் இன்சுலேஷன் மேல், அல்லது கறுப்பு டேப் ஒட்டிய இடத்தில் பார்த்துச் சொல்வார். லோடு உள்ள பேனலைத் திறப்பது உயிர் ஆபத்துள்ள வேலை. அதற்கான உடையும் முகக்கவசமும் இல்லாமல் வருகிறவரைத் திறக்க விடாதீர்கள்.

அடுத்து, நியூட்ரல் கரண்ட். மூன்று ஃபேஸும் சமமாக இருந்தால் நியூட்ரலில் ஒன்றும் போகாது என்று பாடத்தில் படித்திருப்போம். எல்இடி விளக்கும் கம்ப்யூட்டரும் நிறைந்த கட்டிடத்தில் அது பொருந்தாது. அவை உண்டாக்கும் மூன்றாவது ஹார்மோனிக் கரண்ட் (மெயின் அலையைப்போல் மூன்று மடங்கு வேகத்தில் அதிரும் கரண்ட்), மூன்று ஃபேஸிலிருந்தும் வந்து நியூட்ரலில் ஒன்றோடொன்று கூடிக்கொள்ளும். ஃபேஸைவிட நியூட்ரல் சூடாக இருக்கும் போர்டுகள் உண்டு. அலை வடிவம் கெட்டிருந்தாலும் சரியாக அளக்கும் ட்ரூ ஆர்எம்எஸ் கிளாம்ப் மீட்டரில் அளந்து எழுதச் சொல்லுங்கள்.

ஆர்சிசிபிக்கு, பட்டனை அமுக்கியதோடு நிற்காமல் டெஸ்டர் கருவியில் எத்தனை மில்லி செகண்டில் விழுந்தது என்ற எண் வேண்டும். சாதாரண 30 மில்லி ஆம்பியர் வகை, 30-ல் 300 மில்லி செகண்டுக்குள்ளும், ஐந்து மடங்கான 150-ல் 40 மில்லி செகண்டுக்குள்ளும் விழ வேண்டும். இன்சுலேஷன் அளவுகள், எர்த் அளவு, சர்ஜ் கருவியின் ஜன்னல் பச்சையா சிவப்பா, இவையும் தாளில் இருக்கட்டும். எம்சிசிபி என்ற பெரிய பிரேக்கர்களை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்து பார்த்தார்களா என்றும் கேளுங்கள். ஆண்டுக்கணக்கில் அசையாத பிரேக்கர் தேவைப்படும் நாளில் ஒட்டிக்கொள்ளும்.

எண்களோடு தாள் கேட்டதும் கட்டணம் கூடும் என்பார்கள். கூடத்தான் செய்யும், அது மூடியைத் திறந்து செய்கிற வேலை.

கேள்வி: ஒவ்வொரு முறை போர்டைத் திறக்கும்போதும் எல்லா ஸ்க்ரூவையும் ஒரு முறுக்கு முறுக்கிவிட வேண்டும் என்கிறார் என் மேஸ்திரி. சரிதானா? – பயிற்சியில் இருக்கும் ஒருவர்

பதில்: அவர் சொல்வதில் அக்கறை இருக்கிறது, தம்பி, முறை தப்பு. ஆண்டுதோறும் ஒரு முறுக்கு என்றால் சில ஆண்டில் கம்பியின் இழைகள் நசுங்கி அறும், மறை வழுக்கும், டெர்மினல் உடல் விரிசல் விடும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை நியூட்டன் மீட்டர் கணக்கில் பிரேக்கரின் பக்கவாட்டிலோ கூட வந்த தாளிலோ போட்டிருப்பார்கள். டார்க் ஸ்க்ரூடிரைவர் வைத்து அந்த அளவுக்கு ஒருமுறை இறுக்கி, ஸ்க்ரூவுக்கும் உடலுக்கும் குறுக்கே பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடு. அடுத்த முறை கோடு நேராக இருந்தால் ஸ்க்ரூவைத் தொடாதே. தெர்மல் படத்தை நம்பு.

முறுக்குவதைவிட முக்கியமாக ஒன்றைப் பார். எம்சிபியின் டெர்மினலில் உலோகக் கூண்டு ஒன்று ஏறி இறங்கும். ஸ்க்ரூவை முழுதும் தளர்த்தாமல் கம்பியைச் செருகினால், கம்பி கூண்டுக்குள் போகாமல் அதன் பின்னால் போய் நிற்கும். ஸ்க்ரூ நன்றாக இறுகும், கைக்கு டைட்டாகவே தெரியும், கம்பி பிடியில் இருக்காது. சீப்பு பஸ்பார் போட்ட போர்டுகளில் பஸ்பாரின் பல்லே இப்படிக் கூண்டுக்கு வெளியே நிற்பதைப் பார்க்கலாம். அதனால் ஒவ்வொரு கம்பியையும் இறுக்கிய பின் பிடித்து இழுத்துப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள். மெல்லிய இழைக் கம்பிக்கு ஃபெரூல் (நுனியில் மாட்டும் உலோகக் குழல்) போடு. நுனியில் ஈயம் பற்ற வைத்து ஸ்க்ரூவுக்கு அடியில் கொடுக்காதே. ஈயம் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நகர்ந்து பிடி விட்டுவிடும். அலுமினியமும் அப்படித்தான், மேலே ஆக்சைடு வேறு படியும். அதைச் செம்போடு சேர்க்க இரட்டை உலோக லக் இருக்கிறது.

கேள்வி: மெயினை ஆஃப் செய்துவிட்டுத்தான் போர்டைத் திறந்தேன். டெஸ்டர் வைத்தால் எரிகிறது. பேய் மாதிரி இருக்கிறது. – ஒரு வாசகர்

பதில்: வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா? மெயின் போனதும் அது கரண்ட் போய்விட்டது என்று நினைத்து, விளக்கு, ஃபேன் சர்க்யூட்டுகளுக்குத் தன் பேட்டரியிலிருந்து 230 வோல்ட் கொடுக்கத் தொடங்கிவிடும். ஜெனரேட்டரும் தானாக ஓடும் வகை என்றால் அப்படியே. சோலார் உள்ள வீட்டில் வெயில் இருக்கும்வரை பேனலிலிருந்து வரும் டிசி கம்பிகள் உயிரோடுதான் இருக்கும். இவை எதுவும் இல்லாவிட்டாலும், மெயின் ஸ்விட்சுக்கு மேலே வந்து சேரும் கம்பிகளில் எப்போதும் கரண்ட் உண்டு. மெயினை ஆஃப் செய்வதால் அவை அடங்காது.

எல்லா மூலத்தையும் அடைத்து, யாரும் வந்து ஆன் செய்யாதபடி பூட்டு போடுங்கள். நியான் டெஸ்டர் எரிந்தால் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம், எரியாவிட்டால் கரண்ட் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு முனை டெஸ்டரை முதலில் கரண்ட் உள்ள இடத்தில் வைத்துப் பாருங்கள், பிறகு வேலை செய்யும் இடத்தில் ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் மூன்றும் பாருங்கள், மறுபடி கரண்ட் உள்ள இடத்தில் வைத்து டெஸ்டர் நடுவில் கெட்டுப்போகவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இந்தப் பழக்கம் இல்லாதவர் போர்டைத் திறக்கவே வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: போர்டுக்குள் எறும்பு, தூசி. ஈரத்துணியால் துடைக்கலாமா, மருந்து அடிக்கலாமா? – ஒரு வாசகி

பதில்: இரண்டும் வேண்டாம், அம்மா. உள்ளே சுத்தம் செய்வது மெயினை அடைத்துவிட்டு எலக்ட்ரீஷியன் செய்கிற வேலை. உலர்ந்த பிரஷ், பிளாஸ்டிக் முனை வைத்த வேக்குவம் போதும். காற்றை ஊதினால் தூசி பிரேக்கருக்குள் போய்ச் சேரும். எறும்பும் பல்லியும் வருவது பெட்டியின் மேலும் கீழும் தட்டி எடுத்த ஓட்டைகள் வழியாக. கம்பி போகாத ஓட்டைக்கு மூடி, கம்பி போகிற ஓட்டைக்கு கிளாண்ட் அல்லது ரப்பர் வளையம். பிரேக்கர் இல்லாத காலி இடத்துக்கும் அதற்கென்று இருக்கும் பிளாஸ்டிக் மூடி. குழந்தையின் விரல் அந்த இடைவெளியில் நுழையும், அதனால் அதை முதலில் செய்யுங்கள்.

கேள்வி: போர்டில் எந்த ஸ்விட்ச் எந்த அறைக்கு என்று எழுதியிருப்பது பொருந்தவில்லை. – ஒரு வாசகர்

பதில்: எல்லா விளக்கையும் ஃபேனையும் போட்டுவிட்டு, எம்சிபிக்களை ஒவ்வொன்றாக ஆஃப் செய்து எது நிற்கிறது என்று குறியுங்கள். சாக்கெட்டுகளுக்கு ஒரு மேஜை விளக்கை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றிலும் செருகிப் பாருங்கள். இரண்டு பேர் இருந்தால் சீக்கிரம் முடியும். ‘படுக்கையறை’ என்று மட்டும் எழுதாமல் ‘படுக்கையறை ஏசி, 4 சதுர மி.மீ.’ என்று கம்பியின் அளவையும் எலக்ட்ரீஷியனிடம் கேட்டு எழுதுங்கள். பின்னால் யாராவது பெரிய எம்சிபி மாட்ட வந்தால், அந்தத் தாளைக் காட்டி அந்தக் கம்பி தாங்குமா என்று கேட்கலாம்.